சீழ்க்கைக்கு விட்ட இடம்

சோப்ரோனில் ரொட்டிக் கடையைவிடப்
பல் கடைதான் அதிகம்.
எல்லை தாண்டி வருகிறார்கள் ஆஸ்திரியர்கள்,
பாதி விலைக்குச் சிரிப்பு வாங்கிப் போக.
நானும் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன்:
டாக்டர் எமோக்கே, இரண்டாம் மாடி.
லிஃப்ட் பழுது.

கெப்ஹார்ட் மூச்சு வாங்க ஏறி வந்தார்.
திராட்சைத் தோட்டக்காரர், அறுபத்தொன்று.
மேல்வரிசையின் முன்பற்கள் நான்கும்
ஒயினும் புகையும் தின்று மிச்சம் வைத்தவை.
நாய் காரில் இருக்கிறது என்றார்,
வணக்கத்துக்கும் முன்னால்.

முதலில் வந்த சில்லுகளைத்
தண்ணீர் தொட்டு வைத்துப் பார்த்தேன்.
பசை இல்லை, வெறும் தண்ணீர்.
வெங்காயச் சருகின் கனம்.
நான்கும் தோள் உரசி நின்றன.
கண்ணாடி பிடித்த சில்லா "அழகு" என்றாள்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவர் சிரிக்கவில்லை.
உதட்டைக் குவித்தார். காற்று வந்தது.
இன்னொரு முறை. காற்றுதான்.
நடுச் சில்லு ஒன்று நழுவி
நாக்கில் விழுந்தது.

நடுவில் ஒரு சந்து இருந்ததே,
அது எங்கே என்று கேட்டார்.

என் குறிப்பில் அதைக் குறை என்று எழுதியிருந்தேன்.
மாடியறையில் யெனோ அதை மூடியிருந்தான்,
நேர்த்தியாக. யாரையும் கேட்காமல்.
அந்தச் சந்து வழியாகத்தான்
பதினோரு வருடமாக நாயைக் கூப்பிடுகிறாராம்.
வாஸ்ட்ல் என்று பெயர் இருக்கிறது,
பெயருக்கு அது திரும்பாது.

ஒட்டியிருந்தால்?
ஒட்டியதைக் கழற்ற வழியில்லை,
அரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, மூடுபனி நாளில்,
பழைய வார்ப்பில் அளந்த சந்தோடு
புதிய நான்கு வந்தன.
இம்முறையும் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தோம்.
சீழ்க்கை வேண்டாம், நழுவும் என்றேன்.
கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இனிப் பேச்சு கிடையாது.
ரப்பர் திரைக்குள் நான்கு பற்கள் தனித் தீவு.
சில்லின் உட்புறம் அமிலம் தின்று
பனி படிந்த சன்னல்போல் மங்க வேண்டும்.
பல்லின் மேலும் வேறோர் அமிலம்;
முப்பது எண்ணி, கழுவி, ஊதினால்
சுண்ணாம்பு வெள்ளை.
அந்த வெள்ளையில் ஒரு துளி எச்சில் பட்டாலும்
முதலிலிருந்து தொடங்கு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.
முதல் வருடம், மாலை ஆறு மணி, கடைசி ஆள்.
அவசரத்தில் வைத்தது பல்லிளித்துவிட்டது.
லின்ஸிலிருந்து அந்தப் பெண்
கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள்.
திட்டவில்லை. முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

தலைக்கு மேல் விளக்கை அணைக்கிறாள் சில்லா.
வெளிச்சம் பட்டால் பசை முந்திக்கொள்ளும்.
நடு இரண்டும் முதலில்.
விரல் நுனியால் மெல்ல, இன்னும் மெல்ல,
நான்கு விளிம்பிலும் பசை பிதுங்கும்வரை.
ஒரு பக்கம் பிதுங்கவில்லையென்றால்
உள்ளே காற்று குடியிருக்கிறது.

நீல ஒளி, இரண்டே நொடி.
பசை பாலாடைபோல் உரிகிறது.
இடுக்கில் விட்ட நூலை மேலே இழுக்காமல்
பக்கவாட்டில் உருவுகிறேன்.
சந்தை மட்டும் மூன்று முறை துடைத்தேன்.
அதில் ஒரு துணுக்கு தங்கினாலும்
சுருதி போய்விடும் என்று, ஏனோ.
பிறகு விளிம்பெல்லாம் கிளிசரின் பூசி
ஒவ்வொரு பல்லுக்கும் நாற்பது நொடி.
சில்லா ஹங்கேரியனில் எண்ணுகிறாள்,
அவர் கால் விரல் ஜெர்மனில் தட்டுகிறது.

திரையைக் கழற்றினேன்.
சிவப்புத் தாளைக் கடித்தார், இரண்டு முறை.
இங்கேயே ஊதிப் பாருங்கள் என்றேன்.
தலையாட்டி மறுத்தார்.
இது உங்களுக்கான சத்தம் இல்லை என்றார்,
பணத்தை எண்ணி வைத்துவிட்டு.

எங்கள் சன்னலில் இரட்டைக் கண்ணாடி,
தெருச் சத்தம் ஏறாது.
கீழே காரிலிருந்து பத்தடி தள்ளி நின்று
உதட்டைக் குவிக்கிறார்.
என் மூச்சு படிந்த இடத்தைத் துடைக்கிறேன்.

பின்சீட்டில்
ஒரு காது எழுகிறது.